ஒன்பது சதுரங்களில் முதல் குயில்ட்: கால் அங்குலத் தையலைப் பழகும் முறை

குயில்ட் (துண்டுத் துணிகளை இணைத்து மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வை அல்லது விரிப்பு) தைக்கத் தொடங்குகிறவர்கள் எடுத்தவுடன் பெரிய போர்வையில் கைவைக்காமல், நாற்காலியில் போடும் அளவுக்கு 14 அங்குலச் சதுர விரிப்பு ஒன்றைத் தைத்துப் பழகுவது நல்லது. அளவாக வெட்டுவது, மூட்டுகளைப் பொருத்துவது, அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பது, ஓரம் கட்டுவது ஆகிய அனைத்தும் இந்தச் சிறு வேலைக்குள் அடங்கிவிடும்.

குமரி மாவட்டத்தின் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து வீடுகள் பலவற்றில் பாலராமபுரம் கைத்தறி வேட்டி ஒன்று பழசாகிப் பெட்டியில் கிடக்கும். அதில் நைந்துபோகாத பகுதி வெளிர் சதுரங்களுக்கும் அடித்துணிக்கும் மிகவும் பொருந்தும். சரிகை ஓடும் கசவுக் கரையை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். சூடான இஸ்திரியைச் சரிகை தாங்காது. அடர் நிறத்துக்குத் தையற்கடை வெட்டுத்துணிகளில் பருத்தியை மட்டும் பொறுக்கி எடுங்கள். நடு அடுக்குக்குப் பழைய துவர்த்தை (துவட்டும் துண்டை) இரண்டாக மடித்து வைத்தால் போதும்.

எல்லாத் துணியையும் முதலில் அலச வேண்டும். சுருங்குவதும் சாயம் போவதும் தைப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிட வேண்டும். பிறகு, மேல்துணிகளை நீர்த்த கஞ்சியில் முக்கி உலர்த்தி இஸ்திரி போடுங்கள். கஞ்சி ஏறிய துணி கத்தரிக்கு விலகாமல் நிற்பதால் சதுரம் கோணாது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் பெய்யும் நம் பகுதியில் துணி உலர நாளாகும். ஈரம் முழுவதும் போகாமல் வெட்டக் கூடாது.

அடர் நிறத்தில் 5, வெளிர் நிறத்தில் 4 என 5 அங்குலச் சதுரங்களை, இழை ஓடும் திசையிலேயே வெட்டிக்கொள்ளுங்கள்.

இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர். ஊசி இறங்கும் இடத்திலிருந்து கால் அங்குலம், அதாவது தையற்காரர் கணக்கில் இரண்டு நூல், அளந்து மிஷின் தகட்டில் ஒரு டேப் துண்டை ஒட்டி, துணியின் விளிம்பு அதை உரசியபடியே நகரும்படி இரண்டு சதுரங்களைத் தைத்து விரித்து அளந்து பாருங்கள். சரியாக ஒன்பதரை அங்குலம் வர வேண்டும். தையல் ஒரு நூல் தள்ளிப் போனால் ஒன்பதேகால்தான் வரும்; மூன்று சதுரம் சேர்ந்த வரிசையில் அது அரை அங்குலக் குறைவாகி, பக்கத்து வரிசையோடு பொருந்தாமல் நிற்கும். எனவே, வெட்டுத்துணிகளில் இந்த அளவு கைவந்த பிறகே உண்மையான சதுரங்களை எடுங்கள்.

முதல், மூன்றாம் வரிசைகளை அடர், வெளிர், அடர் என்றும், நடு வரிசையை வெளிர், அடர், வெளிர் என்றும் தையுங்கள். மூட்டுகளை எப்போதும் அடர் துணியின் பக்கமாகவே மடித்து இஸ்திரி போடுங்கள். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும், இழுத்தால் துணி நீண்டுவிடும். மூட்டுகளை இப்படி அடர் துணியின் பக்கமாக மடித்தால் அடுத்தடுத்த வரிசைகளின் மடிப்புகள் எதிரெதிர்த் திசையில் அமையும். வரிசைகளைச் சேர்க்கும்போது இரண்டு மடிப்புகளும் ஒன்றோடொன்று முட்டி அடங்குவது விரல்நுனிக்கே தெரியும். அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தைத்தால் நான்கு மூலைகளும் ஒரே புள்ளியில் கூடும்.

அடித்துணியையும் துவர்த்தையும் 16 அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். அடித்துணியைத் தரையில் சுருக்கமின்றி விரித்து, அதன்மேல் துவர்த்து, அதன்மேல் தைத்த முகப்பு என அடுக்கி, மூன்று அங்குலத்துக்கு ஓர் ஊக்கு குத்துங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூட்டுப் பள்ளத்திலேயே நீளத் தையல் ஓட்டுங்கள். மேல்துணி முன்னே நகர்ந்து சுருங்குவதாகத் தெரிந்தால், கைத்தையலாக ஓட்டுவதே மேல்.

பிறகு மிகுந்த ஓரங்களை முகப்பின் அளவுக்கு வெட்டிவிடுங்கள். வேட்டியின் நீளவாக்கில் இரண்டரை அங்குல அகலம், 66 அங்குல நீளத்தில் ஒரு பட்டை கிழித்தால் நடுவில் மூட்டே இல்லாமல் ஓரம் கட்டலாம். பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, முகப்பின் விளிம்போடு சேர்த்து, கால் அங்குலத்தில் தையுங்கள். ஒவ்வொரு மூலைக்கும் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, பட்டையை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, மீண்டும் கீழே இறக்கி அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துத் தைத்த பின், பட்டையைப் பின்புறம் திருப்பி, ஊசி முகப்புக்குத் துளைத்து வராதபடி கையால் நெருக்கமாக ஹெம்மிங் செய்துவிடுங்கள்.