வனதேவதை வேடம்: பன்னாடை இறக்கை, பலா இலைப் பாவாடை

பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டி என்றால் எங்கள் நாகர்கோவில் பக்கம் பாதிப் பிள்ளைகள் பாரதியார், மீதிப் பிள்ளைகள் ஜான்சி ராணி. தேவதை வேடம் வேண்டுமென்றால் வாடகைக் கடையில் ஒரு உடுப்பு தருவார்கள். நைலான் வலை, உதிர்கிற மினுமினுப்பு, முதுகைக் குத்தும் கம்பி இறக்கை. போட்ட பத்தாவது நிமிடத்தில் பிள்ளை சொரிய ஆரம்பித்துவிடும். நான் வீட்டில் மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறவள். இரண்டாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகளுக்கு நான் தைத்துக் கொடுத்த வனதேவதை வேடத்தில் நாடா, கொக்கி, நூல் போக மற்றதெல்லாம் தோப்பிலும் சந்தையிலும் கிடைத்த சரக்கு. எப்படிச் செய்தாய் என்று தெருவில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். ஒன்பது மணிக்குத் தயாராக வரச் சொல்வார்கள். பெயர் கூப்பிடும்போது பன்னிரண்டு ஆகியிருக்கும். அதுவரைக்கும் அந்த வேடத்தோடு பிள்ளை ஆட்டோவில் வர வேண்டும், பெஞ்சில் உட்கார வேண்டும், ஒன்றுக்குப் போக வேண்டும். அதனால் காய்ந்து கிடந்தாலும் அழகு குறையாத பொருளையெல்லாம் முன்கூட்டியே தைத்து முடித்துவிடுங்கள். பச்சையான எதுவும் அன்று காலையில் கொக்கியில் மாட்டுகிற அளவுக்குத்தான் இருக்க வேண்டும். முழுக்கப் பச்சை இலையில் செய்த வேடம் வீட்டு வாசலில் எடுத்த போட்டோவில் நன்றாக இருக்கும். மேடைக்குப் போகும்போது கீரைக்கட்டு வதங்கிய கோலம்தான்.

அடித்துணிக்குப் பழைய பருத்தி பெட்டிகோட் ஒன்று போதும். உடம்பில் படுவது இது மட்டும்தான் என்பதால் சாயமும் உடம்புக்கு ஆகிறதாக இருக்கட்டும். கோட்டாறு நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கி, இரண்டு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கைப்பிடி போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியதும் துணியை ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். பிழிந்து நிழலில் காயப்போட்டால் மங்கலான மஞ்சள் ஏறியிருக்கும். இன்னொரு பக்கம், துருப்பிடித்த ஆணிகளை ஒரு துண்டு வெல்லத்தோடு தண்ணீரில் போட்டு ஒரு வாரம் வைத்திருங்கள். அந்தத் தண்ணீர் கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கண் முன்னாலேயே கறுக்கும். காளஹஸ்தியில் கலம்காரி வரைகிறவர்கள் கறுப்புக்குப் பிடிப்பது இந்தக் கூட்டைத்தான். நமக்கு அவ்வளவு கறுப்பு வேண்டாம். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, தென்னை ஈர்க்கின் நுனியை நசுக்கித் தூரிகையாக்கி, மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இழுத்துவிடுங்கள். மரப்பட்டையின் நிறமும் வரியும் வந்துவிடும். அப்புறம் துணியை நன்றாக அலசிக் காயவையுங்கள். மஞ்சள்தூளில் நனைப்பது சுலபம்தான். ஆனால் சோப்பு பட்ட இடமெல்லாம் சிவந்து திட்டுத் திட்டாகிவிடும், வெயிலுக்கு வெளுத்தும் போகும்.

இறக்கைக்கு வருவோம். இந்த வேடத்தில் ஆட்கள் திரும்பிப் பார்க்கிற இடம் இதுதான், மெனக்கெட வேண்டியதும் இங்கேதான்.

தென்னை மட்டை மரத்தோடு சேருகிற இடத்தில் சுற்றியிருக்குமே பன்னாடை, கள் வடிகட்டுவார்களே, அதுதான் இறக்கைத் துணி. தேங்காய் வெட்ட ஆள் வருகிற அன்று, கிழியாமல் அகலமாக நாலு பன்னாடை போடச் சொல்லுங்கள். இரண்டு உதவும், இரண்டு கிழியும். வந்ததும் கல்லில் அடித்துத் தூசி தட்டுங்கள். எறும்பு, வண்டு, சில நேரம் தேள்கூட இருக்கும். வெறுங்கையை உள்ளே விட வேண்டாம். ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் ஊறவைத்து, தேய்த்து அலசினால் காப்பிக் கொட்டை நிறத்தில், ஒரு பக்க இழை மேலேயும் மறுபக்க இழை கீழேயும் குறுக்காக ஓடுகிற வலை கிடைக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். எந்தத் தறியிலும் நெய்யாத துணி!

சட்டத்துக்கு நொச்சிக் குச்சி. கூடை முடைகிற குச்சி என்பதால் பச்சையில் வளைத்தால் ஒடியாது. சுண்டுவிரல் கனத்தில் நீளமாக வெட்டி, இலையை உருவித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேலை இருக்கிறது. குச்சியைத் துளி வடிவத்தில் வளைத்து, நுனி இரண்டையும் ஈரமான வாழைநாரால் இறுகக் கட்டி, இரண்டு நாள் நிழலில் காயவிட்டால் வடிவம் நின்றுவிடும். பன்னாடையை ஈரத்தோடு அதன்மேல் விரித்து, ஓரத்தை மடித்துக் கோணி ஊசியால் தையுங்கள். காய்ந்ததும் முரசுத் தோலாட்டம் விறைத்துக்கொள்ளும். மெஷினில் ஓட்ட நினைக்காதீர்கள், ஊசி ஒடியும். வெட்டிய ஓரத்திலிருந்து நார் உதிர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் சாயத்துணியில் மிஞ்சியதை கிராஸ் பீஸாக, அதாவது கோணல்வாக்கில் பட்டையாக வெட்டி, ஓரத்தை மூடிச் சுற்றிலும் பைப்பிங் கொடுத்துவிடுங்கள். முதுகில் படும் பக்கத்துக்குத் துணி உள்வைத்துத் தைப்பது கட்டாயம். பன்னாடை அரிக்கும்.

இறக்கை பிள்ளையின் முழங்கையைத் தாண்டிப் போகக் கூடாது. அதற்கு மேல் போனால் ஆட்டோவில் ஏற முடியாது, பக்கத்துப் பிள்ளையின் கண்ணிலும் குத்தும். இரண்டு இறக்கையையும் நடுவில் ஒரு சாண் துணிப்பட்டையில் சேர்த்து, பட்டையின் இரு பக்கமும் தோளில் மாட்டுகிற நாடா வைத்தால் ஸ்கூல் பையை மாட்டிக் கழற்றுவதுபோல் அவளே கழற்றிக்கொள்வாள்.

இறக்கைமேல் ஒட்ட அரச இலை நரம்பு இருந்தால் சிறப்பு. இதற்கு மூன்று வாரம் போல முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும். முற்றிய கரும்பச்சை இலைகளாகப் பார்த்து, ஒரு மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி முக்கி, மேலே கல் வையுங்கள். சில நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். சட்டி கொல்லைப்புறத்தில்தான் இருக்க வேண்டும், அப்படி நாறும். இலையைத் தொட்டால் தோல் வழுக்கிக்கொண்டு வரும் பதத்தில், ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி இலையைப் பரப்பி, பழைய டூத் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுங்கள். தேய்க்கக் கூடாது, தட்ட வேண்டும். சதையெல்லாம் கரைந்து, காம்பிலிருந்து வால் நுனிவரை நரம்பு வலை மட்டும் மிஞ்சும். பேப்பருக்கு நடுவில் வைத்துப் பாரம் ஏற்றிக் காயவையுங்கள். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் லிட்டருக்கு மூன்று ஸ்பூன் சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைக்கலாம். எவர்சில்வர் பாத்திரத்தில்தான், அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அடுப்படிக்கு விடாதீர்கள்.

ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால் நல்ல பிடிமானம். நேரமில்லை என்றால் மைதாப் பசை. ஃபெவிகால் தொட்டுவிட்டால் வனதேவதை கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பாவாடை இரண்டு அடுக்கு. இரண்டு அங்குல அகலத்தில் ஒரு துணிப்பட்டை தைத்து, பக்கவாட்டில் முடிச்சுப் போடுகிற மாதிரி நாடா விடுங்கள். முன்பக்கமோ பின்பக்கமோ மூடித் தைத்துவிட்டால் பாத்ரூம் போகும்போது அவ்வளவுதான். கீழ் அடுக்கு வாழைச் சருகு. லேசாகத் தண்ணீர் தெளித்து, பதமானதும் விரல் அகலத்துக்குக் கிழித்து, நாலைந்து இழையாகச் சேர்த்துப் பட்டையில் தொங்கவிடுங்கள். பூக் கட்டுகிற அதே முடிச்சுதான். திருச்சூரில் ஓணத்துக்குக் கும்மாட்டி ஆடுகிறவர்கள் புல்லைச் சிறு சிறு கட்டாகத்தான் உடம்பு முழுக்கக் கட்டியிருப்பார்கள். ஒரே பெரிய கட்டாகப் போட்டால் நடக்கும்போது அசையாது. சின்னக் கட்டுகளாக இருந்தால்தான் சலசலக்கும்.

மேல் அடுக்கு பலா இலை. தடிப்பான இலை, முந்தின நாள் சாயங்காலம் பறித்தாலும் மறுநாள் மதியம்வரை தாங்கும். காம்பு ஒடித்த இடத்தில் பால் வடியும், துணியில் பட்டால் கறை போகாது. அதனால் பறித்ததும் காம்பைச் சாம்பலில் குத்தி வையுங்கள். பால் நின்றதும் துடைத்து, ஈரத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, ராத்திரி ஒரு தனி நாடாவில் வரிசையாகக் கோக்கலாம். இலையின் மேல்புறத்தை நாடாவின்மேல் ஒரு அங்குலம் மடித்து, தையல் இலை தைக்கிறதுபோல ஈர்க்கால் உள்ளே வெளியே குத்தி, மிஞ்சிய நுனியை ஒட்ட நறுக்குங்கள். ஈர்க்கு முனை வெளிப்பக்கம் பார்த்து இருக்கட்டும். முன்னாலும் பக்கத்திலும் மட்டும் இலை. பின்னால் சருகு மட்டும், உட்கார வேண்டுமே. நாடாவில் நாலு கொக்கி, பட்டையில் நாலு வளையம். காலையில் மாட்டினால் வேலை முடிந்தது. முருங்கை, வேம்பு எல்லாம் சரிப்படாது, சீக்கிரம் வதங்கி உதிரும். பலா கிடைக்காத ஊரில் மாவிலை.

எடுத்து வைத்த நொச்சி இலையை மார்புக்குக் குறுக்கே ஒரு சரமாகக் கட்டிப் போடலாம். சங்கப் பாடல்களில் பெண்கள் உடுத்தும் தழையாடையில் நொச்சியும் ஆம்பலும் வருகின்றன. மேடையில் நாலு வரி பேசச் சொல்வார்கள் இல்லையா, இதையே சொல்லிக்கொடுங்கள். நடுவர் தமிழ் டீச்சராக இருந்தால் நிமிர்ந்து உட்காருவார்.

கிரீடத்துக்குக் கமுகம் பாளை, பாக்கு மரத்து மட்டைதான். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறினால் தோல்போல வளையும். மூன்று அங்குலப் பட்டையாக வெட்டி, பிள்ளையின் தலைச் சுற்றளவுக்குப் பொருந்துகிற எவர்சில்வர் டப்பாவைச் சுற்றித் துணியால் கட்டிக் காயவிடுங்கள். அப்படியே வளையமாக நிற்கும். உள்ளே மெத்தென்று துணி வைத்து, வெளியே சவுக்குக் காய்களை வரிசையாக ஒட்டுங்கள். பூவுக்கு வாடாமல்லிதான் என் கட்சி. காய்ந்தாலும் நிறம் மாறாது என்பதால் முந்தின நாளே கட்டிவிடலாம். கோழிக்கொண்டையும் தாங்கும். மல்லிகை, சம்பங்கி வேண்டாம்.

தோவாளைச் சந்தைக்குப் பூ வாங்கப் போனால் மாணிக்கமாலையைப் பார்த்து ஆசை வரும். 2025-இல் புவிசார் குறியீடு வாங்கிய மாலை, ரத்தினக் கல் பதித்தாற்போல இருக்கும். ஆனால் அதில் இருப்பது அரளி. அரளியின் பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். எதையும் வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைக்கு அது ஆகாது. குன்றிமணியும் அப்படித்தான்: பார்க்க அழகு, ஓடு உடைந்து உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் கூடாது. எருக்கம் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. பார்த்தீனியம் வெள்ளைப் பூவாகக் கொத்துக் கொத்தாக அழகாய்த்தான் இருக்கும், தொட்டால் பலருக்குத் தடிக்கும். பெயர் தெரியாத செடியைப் பறிக்கவே வேண்டாம். காப்புக்காட்டுக்குள் போய்ப் பறிப்பதும் வேண்டாம். வீட்டுத் தோப்பு தாராளம்.

முகத்துக்கு அதிகம் வேண்டியதில்லை. பீட்ரூட் சாற்றை அரிசி மாவில் குழைத்துக் கன்னத்தில் லேசாக, விரல் நுனியில் முந்தின ராத்திரி அரைத்து வைத்த மருதாணி. கடையில் விற்கிற ‘அஞ்சே நிமிஷத்தில் கறுப்பு’ கோன் பக்கம் போகாதீர்கள், தோல் வெந்துபோன பிள்ளைகள் உண்டு. ஆரத்திச் சிவப்பும் முகத்துக்கு ஆகாது, அதில் சுண்ணாம்பு இருக்கிறது. காலில் காய்ந்த வாகை நெற்றுகளை நூலில் கோத்துக் கட்டினால் கொலுசே தேவையில்லை. கையில் நட்சத்திரம் வைத்த மந்திரக்கோலுக்குப் பதிலாக, பாளைத் தொன்னையில் ஒரு வேப்பங்கன்று கொடுங்கள்.

அன்று காலையில் பெட்டிகோட்டும் சருகுப் பாவாடையும் போட்டு அனுப்புங்கள். இறக்கை, கிரீடம், இலை நாடா மூன்றும் ஒரு கட்டைப்பையில் வரட்டும், இலை நாடாவை மட்டும் ஈரத்துணியில் தனியாகச் சுற்றிவிடுங்கள். முந்தின பிள்ளை மேடை ஏறும்போது மாட்டினால் போதும். முக்கியமானது: விழா தொடங்கும்போது குத்துவிளக்கு ஏற்றியிருப்பார்கள். சருகுப் பாவாடை ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறதென்று முதலில் பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாக ஏறி இறங்கச் சொல்லிவையுங்கள். டீச்சரிடமும் ஒரு வார்த்தை.

முடிந்து வந்ததும் இறக்கையையும் கிரீடத்தையும் ஒரு நாள் வெயிலில் காட்டி, காய்ந்த நொச்சி இலை போட்டுத் துணிப்பையில் கட்டி உயரத்தில் மாட்டிவிட்டால் பூச்சி அண்டாது, அடுத்த வருஷம் வேறு பிள்ளைக்கு ஆகும். சருகு தென்னை மூட்டுக்கு. பலா இலை ஆட்டுக்கு உயிர். போடுமுன் ஈர்க்கையெல்லாம் உருவிவிடுங்கள், தொண்டையில் குத்தும்.