“டூ யூ லைக் டீ?” என்று கேட்டு நான் ஏமாந்த கதையும், விருந்தாளியிடம் ஆங்கிலத்தில் கேட்கும் முறையும்

மட்டக்களப்பில் வீட்டுக்கு வந்தவரிடம் நாங்கள் கேள்வி கேட்பதில்லை. “இருங்க, தேத்தண்ணி குடிங்க” என்று உத்தரவு போடுவோம். “வேணாம், இப்பதான் குடிச்சிட்டு வாறன்” என்பார் வந்தவர். அதை யாரும் நம்புவதில்லை. கேத்தல் அடுப்பில் ஏறிவிடும்.

கல்லடியில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய முதல் வாரம், அறைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் “டூ யூ லைக் டீ?” என்று கேட்டேன். “யெஸ், ஐ லவ் இட்!” என்றார். தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்தால் ஆளைக் காணவில்லை. கடற்கரைக்குப் போய்விட்டாராம். அவர்மேல் பிழை இல்லை. தேயிலை பிடிக்குமா என்று கேட்டேன், பிடிக்கும் என்று சொன்னார், அவ்வளவுதான்.

படி 1: ‘விருப்பமா’வை இரண்டாகப் பிரியுங்கள்

நம் பேச்சில் “தேத்தண்ணி விருப்பமா?” என்றால் இரண்டு பொருள் வரும். உங்களுக்குத் தேத்தண்ணி பிடிக்குமா என்பது ஒன்று. இப்போது ஒரு கோப்பை தரவா என்பது மற்றது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு கேள்வி.

“டூ யூ லைக் டீ?” – பிடிக்குமா?
“வுட் யூ லைக் ஸம் டீ?” – இப்போது குடிக்கிறீர்களா?

‘வுட்’ என்பது ‘வில்’லின் இறந்தகால வடிவம். ஆனால் இங்கே இறந்தகாலம் எதுவும் இல்லை. கேள்வியை ஓர் அடி தள்ளி வைக்கத்தான் அது வருகிறது. எதிரில் இருப்பவர் ‘வேண்டாம்’ என்று சொல்ல இடம் கிடைக்கிறது, பணிவும் அங்கேதான் இருக்கிறது. எழுத்தில் உள்ள ‘எல்’லை உச்சரிக்க வேண்டாம். வேகமாகப் பேசும்போது ‘வுட் யூ’ இரண்டும் ஒட்டி ‘வுஜூ’ என்று காதில் விழும். பழகும்வரை பிரித்தே சொல்லுங்கள்.

அப்போ “டூ யூ வாண்ட் ஸம் டீ?” தவறா? தவறில்லை. நண்பர்களுக்குள் அதுதான் இயல்பு. அறுகம்குடாவில் அலைச் சறுக்குக்கு வரும் இளைஞர்கள் தங்களுக்குள் அப்படித்தான் கேட்டுக்கொள்வார்கள். புதிதாக வந்தவரிடமும் வயதானவரிடமும் ‘வுட் யூ லைக்’ நல்லது. ‘டூ’வையும் விழுங்கிவிட்டு “யூ வாண்ட் ஓட்டோ?” என்று பஸ் நிலையத்தில் கேட்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அது அதட்டுவதுபோல் கேட்கும்.

படி 2: பொருளா, செயலா?

பொருளைக் கொடுப்பதானால் நேரே அதன் பெயர்: “வுட் யூ லைக் ஸம் வாட்டர்?” ஒன்றைச் செய்ய அழைப்பதானால் நடுவில் ஒரு ‘டு’: “வுட் யூ லைக் டு ஸிட் அவுட்ஸைட்?”

கேள்வி வாக்கியத்தில் ‘எனி’தான் வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கொடுக்கும்போது ‘ஸம்’ போடுங்கள். ‘ஆம் என்று சொல்லுங்கள், இருக்கிறது’ என்ற மனசு அதில் தெரியும்.

படி 3: ‘தரட்டுமா?’ என்றால் ‘ஷல் ஐ?’

இதில் நமக்கு அதிர்ஷ்டம். தமிழில் உள்ள ‘-அட்டுமா’ அச்சொட்டாக இதற்குப் பொருந்தும்.

ஜன்னலைத் திறக்கட்டுமா? – “ஷல் ஐ ஓப்பன் தி விண்டோ?”
பையைத் தூக்கட்டுமா? – “ஷல் ஐ கேரி யோர் பேக்?”

அமெரிக்கர்கள் ‘ஷல்’ அதிகம் சொல்வதில்லை, ஆனால் சொன்னால் விளங்கும். எல்லாருக்கும் பொதுவாக வேண்டுமென்றால் “வுட் யூ லைக் மீ டு கால் எ டக்-டக்?” என்று கேட்கலாம். அந்த ‘மீ’யை மறந்தால் ஓட்டோவை அவரே கூப்பிட வேண்டும் என்று பொருள் மாறிவிடும்.

கையில் பாரத்தோடு ஒருவர் படியேறும்போது கேள்வி கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. “விடுங்க, நான் தூக்கிறன்” என்போமே, அதற்கு “லெட் மீ ஹெல்ப் யூ வித் தட்.”

ஒரு பொறி: “வுட் யூ மைண்ட்…” என்று தொடங்குவது பெரும்பாலும் நீங்கள் உதவி கேட்கும் வாக்கியம். ஒன்றைக் கொடுக்கும்போது அதைத் தொட வேண்டாம்.

படி 4: ‘நோ’வை நம்புங்கள்

எனக்கு இதுதான் ஆகக் கடினமாக இருந்தது. நம் ஊரில் முதல் ‘வேணாம்’ வெறும் மரியாதை, மூன்றாம் முறை கேட்ட பிறகுதான் உண்மை வெளிவரும். ஆங்கிலம் பேசும் விருந்தாளி பெரும்பாலும் முதல் தடவையே உண்மையைச் சொல்லிவிடுவார். “நோ, தேங்க்ஸ்” என்றால் வேண்டாம். “ஐம் ஃபைன்”, “ஐம் குட்” என்றாலும் வேண்டாம்தான், நலமாக இருக்கிறேன் என்று சொல்லவில்லை. “மேபி லேட்டர்” என்பதும் அநேகமாக வேண்டாமே.

ஒருமுறை, ஒரே ஒருமுறை, “ஆர் யூ ஷுவர்?” என்று கேட்கலாம். மறுகா “லெட் மீ நோ இஃப் யூ நீட் எனிதிங்” என்று விட்டுவிடுங்கள்.

ஒருநாள் காலை ஒரு பையனுக்கு அம்மா பிட்டு வைத்தார். தட்டில் வைத்ததை மிச்சம் விடக்கூடாது என்று வளர்ந்தவன் அவன். காலியான தட்டைக் காலியாக விடக்கூடாது என்று வளர்ந்தவர் அம்மா. “சாப்பிடுங்க மகன்” என்று, பிட்டு அவிக்கும் ஓலைக் கூடையான நீத்துப்பெட்டியைக் கவிழ்த்தபடியே இருந்தார். பாவம், அன்று மதியம் முழுக்க அவன் படுத்தே கிடந்தான்.

சாப்பாட்டு மேசையில் மட்டும் ஆங்கிலத்திலும் கட்டளை போடலாம், அவருக்கு நன்மை தரும் காரியம் என்பதால் அது உறுத்தாது: “ஹெல்ப் யோர்ஸெல்ஃப்”, “ட்ரை ஸம் கேர்ட் அண்ட் ட்ரீகிள்.” எருமைத் தயிரும் பாணியும் என்னவென்று கேட்டால் “யோகட் மேட் ஃப்ரம் பஃபலோ மில்க், வித் பாம் ஸிரப்” என்று சொல்லுங்கள்.

படி 5: வாய்விட்டுப் பழகுங்கள்

வீட்டில் ஒருவரை விருந்தாளியாக்கி இதைச் சொல்லிப் பாருங்கள்:

– வுட் யூ லைக் டு ஸீ தி ஓல்ட் பிரிட்ஜ்?
– தட் ஸவுண்ட்ஸ் நைஸ்.
– ஷல் ஐ கம் வித் யூ?
– நோ, ஐம் குட், தேங்க்ஸ்.
– ஓகே. ஐல் ட்ரா யூ எ மேப்.

பழைய பாலம் என்றது 1924இன் லேடி மானிங் பாலத்தை. பக்கத்தில் 2013இல் திறந்த புதுப் பாலமும் இருப்பதால் ‘ஓல்ட்’ என்று சொல்வது அவசியம். பாலத்தடி வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீனைக் கேட்க வைக்கிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். “வுட் யூ லைக் டு ட்ரை?” என்று கேட்டால் போதும், பாடுவதும் பாடாததும் மீனின் பாடு.

உங்களிடம் யாராவது கேட்டால் வெறும் ‘யெஸ்’ வெடுக்கென்று இருக்கும், “யெஸ், ப்ளீஸ்” என்று சொல்லுங்கள். வேண்டாமென்றால் “நோ, தேங்க் யூ.” வெறும் ‘தேங்க் யூ’ சொல்லித் தலையாட்டினால் தருவதா விடுவதா என்று அவர் முழிப்பார்.

அம்மாவுக்கும் இதெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். “ஆர் யூ ஷுவர்?” மட்டும் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. அதை இப்போது மூன்று தரம் கேட்கிறார்.