பழைய சிஎன்சியோடு லேப்டாப்பைச் சேர்க்க: முதலில் எடுங்கள், அப்புறம் அனுப்புங்கள்

ராணிப்பேட்டை சிப்காட், காட்பாடி பக்கத்துச் சின்ன ஒர்க்‌ஷாப்புகள் என்று எங்கே போனாலும் பெங்களூரிலிருந்து செகண்ட் ஹேண்டில் வந்த, ஃபானுக் கம்பெனி கன்ட்ரோல் பூட்டிய சிஎன்சி மெஷின் (புரோகிராம்படி தானாக உலோகம் வெட்டும் மெஷின்) ஒன்றாவது ஓடிக்கொண்டிருக்கும். இரும்பு நல்ல இரும்பு, ஸ்பிண்டிலும் சரியாக இருக்கும், ஆனால் புரோகிராம் ஏற்ற அதில் இருப்பது பின்பக்கம் ஒரு 25 பின் சீரியல் போர்ட் மட்டும்தான், உங்கள் கையில் இருக்கும் லேப்டாப்பிலோ அந்தப் போர்ட்டே கிடையாது. இரண்டையும் சேர்க்க அதிகம் செலவாகாது. ஆனால் சேர்த்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை புரோகிராம் அனுப்புவது இல்லை, மெஷினுக்குள் இருக்கும் பாராமீட்டர்களை, அதாவது அந்த மெஷினுக்கென்றே போட்டு வைத்த செட்டிங் எண்களை, லேப்டாப்புக்கு எடுத்து வைப்பது. அவை பேட்டரி தயவில்தான் மெமரியில் நிற்கின்றன. ஒரு வாரம் மெஷின் ஆஃப் ஆகி, பேட்டரியும் தீர்ந்துபோனால் அத்தனையும் அழிந்துவிடும், அதைத் திரும்ப டைப் பண்ணக் காகிதத்தில்கூட இல்லாத கடைகள் நிறைய.

முதலில் கன்வெர்ட்டர். ஆர்எஸ்-232 (மெஷினின் சீரியல் போர்ட் பேசும் முறை) என்று தெளிவாகப் போட்ட யூஎஸ்பி கன்வெர்ட்டர் வாங்குங்கள். மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளுக்கு விற்கும் 5 வோல்ட் குட்டி மாட்யூல் இதற்கு ஆகாது, ஏனென்றால் ஆர்எஸ்-232 லைனில் மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை இருந்தால் 1, பிளஸ் பக்கம் அதே அளவு இருந்தால் 0, அந்த மாட்யூல் மைனஸ் பக்கம் போகவே போகாது. உள்ளே இருக்கும் சிப் எஃப்டிடிஐ கம்பெனியுடையதாக இருந்தால் நல்லது. விலை கூடத்தான், ஆனால் காரணம் இருக்கிறது. மெஷினின் பஃபர் நிரம்பும்போது அது 'நிறுத்து' என்று ஒரு எழுத்தை அனுப்பும், அதுதான் எக்ஸ்ஆஃப். சாதாரண கன்வெர்ட்டரில் அந்தச் செய்தி விண்டோஸ் வரை போய்த் திரும்புவதற்குள் இன்னும் பல எழுத்துகள் மெஷினுக்குள் விழுந்து 087 அலாரம் வரும். எஃப்டிடிஐயின் எஃப்டி232ஆர் சிப் அதைத் தனக்குள்ளேயே பார்த்து நிறுத்திக்கொள்ளும். கன்வெர்ட்டர் கைக்கு வந்ததும் மெஷின் பக்கம் போகாமல் மேசையிலேயே ஒரு சோதனை: 9 பின் முனையில் 2, 3 இரண்டையும் ஒரு சின்ன கம்பியால் சேர்த்துவிட்டு, டெரா டெர்ம் என்ற சீரியல் டெர்மினல் சாஃப்ட்வேரைத் திறந்து ஏதாவது டைப் பண்ணுங்கள். அடித்த எழுத்து திரையில் தெரிந்தால் லேப்டாப் பக்கம் எல்லாம் சரி. கம்பியை எடுத்ததும் எழுத்து வராமல் நின்றுவிட வேண்டும்.

அப்புறம் கேபிள். இதில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கடையில் கிடைக்கும் 25 பின்னும் முழுதாக இணைத்த ரெடிமேட் கேபிளை ஃபானுக்கில் மாட்டவே மாட்டாதீர்கள். ஃபானுக் போர்ட்டில் 25-ஆம் பின்னில் 24 வோல்ட் வருகிறது, அந்தக் காலத்து டேப் ரீடருக்காகக் கொடுத்தது, அது லேப்டாப் பக்கம் வந்தால் கன்வெர்ட்டர் போகும், சில சமயம் யூஎஸ்பி போர்ட்டும் போகும். மூன்று கம்பி போதும், நீங்களே பற்றவைத்துக்கொள்ளலாம். 9 பின் முனையின் 2 இலிருந்து 25 பின் முனையின் 2-க்கு, 3 இலிருந்து 3-க்கு, 5 இலிருந்து 7-க்கு. இதற்குமேல் மெஷின் பக்க முனைக்குள்ளேயே 4-ஐயும் 5-ஐயும் சேர்க்கணும், 6, 8, 20 மூன்றையும் சேர்க்கணும். லேப்டாப் பக்கம் 7-ஐயும் 8-ஐயும், 1, 4, 6 மூன்றையும். இந்த உள்ளிணைப்பு இல்லாவிட்டால் எதிரே யாரும் இல்லை என்று மெஷின் நினைத்து 086 அலாரம் காட்டும். ஷீல்டு கேபிள் எடுத்து, ஷீல்டை மெஷின் பக்கம் மட்டும் எர்த்தோடு சேருங்கள். நீளம் 15 மீட்டருக்குள் இருக்கட்டும், பக்கத்தில் வெல்டிங் மெஷின் ஓடும் ஷெட் என்றால் இன்னும் குறையுங்கள். கனெக்டர், கேபிள் எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், காட்பாடியில் காலை ரயில் ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

ஃபானுக் இல்லாத கன்ட்ரோலா? பின் வரிசை வேறாக இருக்கலாம், மேனுவல் பாருங்கள். மேனுவல் இல்லையென்றால் மல்டிமீட்டரின் கறுப்பு முனையை 7-இல் வைத்துச் சிவப்பை 2-இலும் 3-இலும் மாற்றிப் பாருங்கள். எதில் மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வரை நிற்கிறதோ பொதுவாக அதுதான் மெஷின் பேசும் பின். அது லேப்டாப்பின் 2-க்கு வரணும்.

மாட்டும்போது மெஷின் ஆஃப். லேப்டாப் சார்ஜரையும் கழற்றிவிடுங்கள், நம் ஊர் ஷெட்டுகளில் எர்த் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், சார்ஜர் வழியாகக் கசியும் கரண்ட் இந்த மெல்லிய கம்பி வழியாகத்தான் எர்த்தைத் தேடிப் போகும். போர்ட் பெரும்பாலும் பேனல் பக்கவாட்டில் ஒரு மூடிக்குப் பின்னால் இருக்கும். திறந்தால் கூலண்ட் எண்ணெய் படிந்து, அலுமினியத் துகள் ஓரிரண்டு பின்களுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பிரஷ்ஷும் வைத்துத் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

இனி செட்டிங். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும், அவ்வளவுதான். 4800 வேகம், 7 பிட், ஈவன் பேரிட்டி, 2 ஸ்டாப் பிட், எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப். ஃபானுக் 0 மாடலில் செட்டிங் பக்கத்தில் ஐ/ஓ மதிப்பு 0 என்று வைத்தால் வேகம் பாராமீட்டர் 552-இல் இருக்கும், 0ஐ (0i) மாடலில் 20-ஆம் பாராமீட்டர் 0 ஆக இருக்கணும், வேகம் 103-இல். இரண்டிலும் 10 என்று போட்டால் 4800, 11 என்றால் 9600. 4800-இல் நொடிக்கு 430 எழுத்துக்கு மேல் போகும், 32 கிலோபைட் மெமரி முழுக்க நிரப்பவே ஒன்றேகால் நிமிடம்தான் ஆகும். அதனால் வேகத்தைக் கூட்டி அலாரம் வாங்குவதில் லாபமே இல்லை.

இப்போது பாராமீட்டரை எடுப்போம். யார் வாங்கிக்கொள்கிறார்களோ அவர்கள்தான் முதலில் தயாராக நிற்கணும். எனவே டெரா டெர்மில் ஃபைல், லாக் போட்டு ஒரு பெயர் கொடுத்துவிட்டு, அதன் பிறகு மெஷினில் எடிட் மோட் வைத்து, பாராமீட்டர் பக்கத்தில் பஞ்ச் அல்லது அவுட்புட் அழுத்துங்கள். எண்கள் வரிசையாக ஓடிவரும். முதலிலும் கடைசியிலும் % குறி இருக்கிறதா பாருங்கள், கடைசி % இல்லாவிட்டால் பாதியில் நின்றிருக்கிறது. புரோகிராம்கள், ஆஃப்செட், கஸ்டம் மேக்ரோ மாறிகள் எல்லாவற்றையும் இதே மாதிரி எடுத்து, மெஷின் பெயரும் தேதியும் போட்டு பென் டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று வையுங்கள். இரண்டாவது தடவையும் எடுத்து ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் நம்பணும். இவ்வளவும் முடிந்த பிறகே பேட்டரியைத் தொடுங்கள், அதையும் மெஷின் ஆன் நிலையில்தான் மாற்றணும்.

அனுப்பும்போது இது தலைகீழ். புரோகிராம் புரொடெக்ட் சாவியைத் திறந்து, எடிட் மோடில் 0ஐ (0i) மாடல் என்றால் ரீட், எக்ஸிக் அழுத்துங்கள், 0 மாடல் என்றால் ஓ எண்ணை (O எழுத்தில் தொடங்கும் புரோகிராம் எண்) அடித்து இன்புட். திரையின் கீழே எல்எஸ்கே என்று மின்னும். மெஷின் காத்திருக்கிறது என்று அர்த்தம். இப்போது டெரா டெர்மில் சென்ட் ஃபைல், அதில் பைனரி என்ற கட்டத்தை டிக் பண்ணுங்கள். டிக் பண்ணாமல் அனுப்பினால் வரி முடிவு மாறிப்போய், மெஷினில் எல்லாம் ஒரே வரியாக ஒட்டிக்கொண்டு வரும் அல்லது எல்எஸ்கே மின்னிக்கொண்டே இருக்கும். ஃபைலை நோட்பேடில் மட்டுமே எழுதுங்கள், முதல் வரி % மட்டும், கடைசி வரி % மட்டும்.

085 வந்தால் வேகம், பேரிட்டி, ஸ்டாப் பிட் மூன்றில் ஒன்று பொருந்தவில்லை. 086 என்றால் உள்ளிணைப்பைப் பாருங்கள். 087 என்றால் எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் லேப்டாப்பில் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தும் வந்தால் டெரா டெர்மில் ஒவ்வொரு வரிக்கும் 50 மில்லிசெகண்ட் டிலே கொடுங்கள்.

பெரிய டை வேலை, புரோகிராம் மெமரியைவிடப் பெரிது என்றால் டிஎன்சி மோடில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி ஓட்டலாம். அதற்கு முன்னால் லேப்டாப்பின் ஸ்லீப்பை அணைத்துவிடுங்கள், டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி பவர் சேவிங்கையும் அணைத்துவிடுங்கள். நடு வெட்டில் லேப்டாப் தூங்கிப்போனால் டூல் ஜாப்பின் மேலேயே நின்று சுற்றிக்கொண்டிருக்கும்.