‘வரலாற்றில் இன்று’ தயாரிப்பது எப்படி? செப்டம்பர் 11-ஐ வைத்து ஒரு செய்முறை

பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்க, நூலகத் தகவல் பலகையில் எழுத, வாட்ஸ்அப் குழுவில் போட என்று ‘வரலாற்றில் இன்று’ பகுதிக்கு எப்போதும் தேவை இருக்கிறது. பலர் எங்கிருந்தோ ஒரு பட்டியலை எடுத்து அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, அந்தப் பட்டியல்களில் நிகழ்ச்சி சரியாக இருக்கும், தேதிதான் காலை வாரிவிடும். அதனால் இந்தச் செய்முறையில் பாதி இடம் தேதியைச் சரிபார்ப்பதற்கே போகிறது.

படி 1: எல்லாவற்றையும் அள்ளிப் போடுங்கள்

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போதும்: ஆண்டு, ஊர், என்ன நடந்தது, எங்கே படித்தேன். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பக்கம் உண்டு. நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள் என்று பிரித்திருப்பார்கள். அதில் தொடங்குங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் அவரவர் பக்கத்தைத் திறந்து, அங்கேயும் அதே தேதிதானா என்று பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

செப்டம்பர் 11-க்கு இப்படித் தேடினால் 1297-இல் ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பாலப் போர் தொடங்கி 2001 நியூயார்க் தாக்குதல் வரை வந்து குவியும்.

படி 2: எந்த நாட்காட்டி என்று கேளுங்கள்

ஐரோப்பாவில் 1582-இல்தான் இன்றைய கிரெகோரியன் நாட்காட்டி வந்தது. எல்லா நாடும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. பிரிட்டன் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே வைத்திருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 2, புதன்கிழமை. மறுநாள் வியாழக்கிழமை, தேதி செப்டம்பர் 14! இடையில் 11 நாட்களை எடுத்துவிட்டார்கள். ஆக, 1752 செப்டம்பர் 11 என்ற நாளே பிரிட்டனிலும் அதன் குடியேற்றங்களிலும் கிடையாது. அந்தத் தேதி போட்டு லண்டன் நிகழ்ச்சி ஏதாவது உங்கள் பட்டியலில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடலாம்.

1709-இல் பிரான்சில் நடந்த, பிரிட்டன் படையும் மோதிய மல்பிளாக்கே போரைப் பாருங்கள். ஐரோப்பியக் கண்டத்துக் கணக்கில் அது செப்டம்பர் 11. அதே நாள் அன்றைய இங்கிலாந்துக் கணக்கில் ஆகஸ்ட் 31. இரண்டு தேதியும் புத்தகங்களில் கிடைக்கும், இரண்டும் சரிதான். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியை நவம்பர் 7-இல் கொண்டாடுவதும் இதே கதைதான். 1582-க்கு முந்தைய நிகழ்ச்சிகளுக்கு இந்தக் கவலை வேண்டாம். பழைய தேதியை அப்படியே எழுதுவதுதான் வழக்கம். ஸ்டிர்லிங் போருக்கும் அப்படித்தான்.

படி 3: நள்ளிரவைக் கவனியுங்கள்

நம் ஊரில் அதிகம் இடறும் இடம் இது. பாரதியார் 1921-இல் திருவல்லிக்கேணியில் இறந்தது செப்டம்பர் 11 இரவு என்று பல காலமாகச் சொல்லிவருகிறோம். உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி, சுமார் 1.30 மணிக்கு. இறப்புப் பதிவில் இருப்பது செப்டம்பர் 12. விடிந்தால்தான் மறுநாள் என்று நினைப்பது நம் வழக்கம், பதிவேட்டுக்கு 12 மணி அடித்தால் மறுநாள். தமிழ்நாடு அரசு செப்டம்பர் 11-ஐ ‘மகாகவி நாள்’ என்று 2021-இல் அறிவித்ததால், 11-ஆம் தேதிப் பட்டியலில் அவரைச் சேர்ப்பதில் தவறில்லை. ‘நினைவு நாள்’ என்று எழுதிவிட்டு, அடைப்புக்குறிக்குள் நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

அப்படியே இன்னொன்று. கோயில் யானை தள்ளியதால் அவர் இறந்தார் என்ற வரி வந்தால் அதையும் வெட்டுங்கள். யானை தள்ளியது சில மாதங்களுக்கு முன்பு. அதிலிருந்து தேறி, ஈரோடு கருங்கல்பாளையம் வரை போய்ப் பேசிவிட்டு வந்தார். கடைசியில் அவரைச் சாய்த்தது வயிற்றுக்கடுப்பு.

தூரத்து நாட்டுச் செய்தி என்றால் நேர வித்தியாசத்தையும் பாருங்கள். நிலவில் முதல் காலடி பட்டபோது அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு, இங்கே ஜூலை 21 காலை. நிகழ்ச்சி எந்த ஊரோ, அந்த ஊர்த் தேதியைப் போடுவது நல்லது.

படி 4: பிறந்தநாளைத் தனியாகச் சோதியுங்கள்

பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் போட்டுக்கொடுத்த தேதியே பிறந்தநாளாகிவிட்டவர்கள் நம்மிடையே ஏராளம். நட்சத்திரம், திதி பார்த்துக் கொண்டாடும் ஜெயந்திகள் ஆண்டுக்கு ஆண்டு நகரும், அவற்றை ஆங்கிலத் தேதியில் அடைக்க வேண்டாம். செப்டம்பர் 11-க்கு இந்தத் தலைவலி குறைவு: வினோபா பாவே (1895), கிரிக்கெட் வீரர் லாலா அமர்நாத் (1911), கால்பந்து வீரர் பெக்கன்பவர் (1945).

படி 5: அன்று உண்மையில் நடந்தது எது?

சுவாமி விவேகானந்தர் 1893-இல் சிகாகோவில் ‘சகோதரிகளே, சகோதரர்களே’ என்று பேசியது செப்டம்பர் 11, சர்வசமய மாநாட்டின் முதல் நாள். இந்து மதம் பற்றிய நீண்ட உரையை அவர் வாசித்தது 19-ஆம் தேதி. இரண்டையும் கலந்து எழுதுபவர்கள் நிறைய. 1906-இல் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் காந்தி கலந்துகொண்ட கூட்டம், டிரான்ஸ்வாலின் (ஜோகன்னஸ்பர்க் அடங்கிய தென்னாப்பிரிக்கப் பகுதி) ஆசியர் பதிவுச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று உறுதி எடுத்தது. சத்தியாக்கிரகம் என்ற பெயர் பிறகுதான் வந்தது. எனவே ‘சத்தியாக்கிரகத்துக்கு வித்திட்ட கூட்டம்’ என்று எழுதினால் போதும்.

படி 6: யாருக்காக என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

ஆறு வரிக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை. நியூயார்க் தாக்குதலுக்கு ஒரு வரி போதும், அது எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் 1973-இல் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததையும் அதிபர் அயேந்தே மாளிகையிலேயே இறந்ததையும் சொல்லலாம். (1906, 1973, 2001 மூன்றிலும் செப்டம்பர் 11 செவ்வாய்க்கிழமை! மாணவர்களைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.) 1957-இல் பரமக்குடியில் தலித் உரிமைத் தலைவர் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டதை ராமநாதபுரம் மாவட்டத்தில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்ற ஊர்ப் பட்டியல்களில் அது விடுபட்டுப்போகிறது, அதனால் நான் கட்டாயம் சேர்ப்பேன்.

படி 7: வரியை எழுதுங்கள்

ஆண்டு, ஊர், ஆள், செயல். அவ்வளவுதான். ‘1948: பாகிஸ்தானின் முதல் கவர்னர் ஜெனரல் முகமது அலி ஜின்னா கராச்சியில் காலமானார்.’ ‘மாபெரும்’, ‘ஒப்பற்ற’ எல்லாம் வேண்டாம்; ஆறு பேருக்கும் அதே அடைமொழி போட்டால் யாருக்கும் பயனில்லை. பிறப்பு, இறப்பு, நிகழ்ச்சி மூன்றையும் தனித்தனியாக, ஆண்டு வரிசையில் வையுங்கள்.

சரி, பலகையில் எழுதியதும் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கேள்விக்குறி போட்டவற்றை அடுத்த செப்டம்பருக்குள் ஏதாவதொரு நூலகத்தில் பழைய நாளிதழ் புரட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.