பழைய 800-க்கு மைலேஜ் திரும்பி வந்த விதம்

அப்பா விட்டுப்போன மாருதி 800, 2004 மாடல், எம்.பி.எஃப்.ஐ., அதாவது இஞ்சினுக்குப் பெட்ரோலை ஒரு சின்ன கம்ப்யூட்டர் அளந்து ஊற்றும் ரகம். பாளையங்கோட்டையிலிருந்து ஸ்ரீவைகுண்டம் பள்ளிக்கூடத்துக்குப் போக வர தினமும் 60 கிலோமீட்டர் பக்கம் ஓடுகிறது. போன வருஷம் பெட்ரோல் செலவு கையைக் கடிக்க ஆரம்பித்ததும், ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை, விலை கூடின பிரீமியம் பெட்ரோல். மூன்றும் தண்டம், காசை விடாதீர்கள்.

முதலில் அளந்து பாருங்கள். ஒரே பங்க், முடிந்தால் அதே குழாய். தானாக நிற்கும் முதல் 'டக்'கோடு நிறுத்தச் சொல்லுங்கள். ரவுண்டாக்க மேலே ஊற்ற விடாதீர்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, டேங்க் பாதிக்கு மேல் தீர்ந்ததும் அதேபோல மறுபடி நிரப்புங்கள். எனக்கு 236 கிலோமீட்டருக்கு 18.4 லிட்டர் பிடித்தது. லிட்டருக்கு 12.8 கிலோமீட்டர். அப்பா காலத்தில் 18-க்குக் குறையாது.

அடுத்த சோதனைக்குச் செலவே இல்லை. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, தானாக நிற்கவிட்டு இறங்கி, நான்கு வீல் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். என் வண்டியில் முன் வலது வீல் மட்டும் தோசைக்கல் மாதிரி அனல் அடித்தது. ஜாக்கி போட்டுக் கையால் சுற்றினால் அரைச் சுற்றுகூடப் போகவில்லை. பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கு இருக்கும் கம்பியில் கிரீஸ் காய்ந்து இறுகிப்போய், பிரேக் பேட் டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று இருக்கும் கிரீஸைத் தடவிப் போட 250 ரூபாய். பின் வீல் சூடானால் ஹேண்ட்பிரேக் கேபிளை ரொம்ப இறுக்கியிருப்பார்கள், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரிய திருடன் வேறு இடத்தில் இருந்தான். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை டெம்பரேச்சர் முள் அடியை விட்டு மேலே ஏறுவதே இல்லை. இஞ்சின் குளுகுளுவென்று இருக்கிறது, நல்லதுதானே என்று நானும் இருந்துவிட்டேன். அது நல்லதில்லை. தெர்மோஸ்டாட் வால்வு என்று ஒன்று உண்டு. இஞ்சின் எண்பது டிகிரியை ஒட்டிச் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாது. அதைக் கழற்றிவிட்டால் இஞ்சின் சூடேறவே நேரமாகும். இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். மெக்கானிக் அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"நாந்தான் டீச்சர் கழட்டிப் போட்டேன். அப்பா இருக்கும்போது ஒருதடவை ஹீட் ஆச்சுல்லா. நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?"

அன்றைக்கு ஹீட் ஆனதற்குக் காரணம் ரேடியேட்டர் ஃபேன். அதை அப்போதே மாற்றியாகிவிட்டது, வால்வைத்தான் யாரும் திரும்பப் போடவில்லை. புது வால்வு, கேஸ்கெட், கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 900 ரூபாய் ஆனது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதை அவசியம் கேட்டுப் பாருங்கள், நம் பக்கத்தில் இந்த வால்வைக் கழற்றுவது ரொம்ப சகஜம்.

ஸ்பார்க் பிளக் மூன்றுதான், கழற்றி நுனியைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் என்றால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் எரிகிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் இஞ்சினுக்குள் இருக்கும் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்திருக்கும், அது பெரிய செலவு. ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் எகிறும் என்பார்கள். கம்ப்யூட்டர் இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டிக்கு அது ஓரளவு உண்மை. எம்.பி.எஃப்.ஐ.யில் இழுவைதான் கூடும், மைலேஜில் பெரிதாக ஒன்றும் தெரியாது. டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். ஓடின டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். டிக்கி சாமானைவிட மேலே இருக்கும் கேரியர்தான் நெடுஞ்சாலையில் பெட்ரோலைக் குடிக்கும். தேவையில்லை என்றால் கழற்றிவிடுங்கள்.

இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் அந்தக் காலத்து மைலேஜ் அப்படியே வராது. பழைய ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று மட்டும் அடிக்கடி பாருங்கள். காலையில் பெட்ரோல் வாசனை வந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

அப்புறம் ஓட்டும் விதம். பாபநாசம் மலை இறக்கத்தில் அப்பா இஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடுவார். இஞ்சின் நின்றால் பிரேக் கல்லாகிவிடும், நினைத்தாலே இப்போது வயிற்றைக் கலக்குகிறது. அதில் மிச்சமும் இல்லை. எம்.பி.எஃப்.ஐ. வண்டி கியரில் இருக்க, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இறக்கத்தில் பெட்ரோல் தானாக நின்றுவிடும். நேர் ரோட்டில் நான் 60, 65-க்கு மேல் போவதில்லை. பின்னால் வரும் பஸ்காரர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும்.

சரி, கணக்கு. ஒரு மாதம் கழித்து அதே பங்கில் 292 கிலோமீட்டருக்கு 17.1 லிட்டர் பிடித்தது. 17 வந்துவிட்டது. நாலாவது கியரில் மிதித்தால் இஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வேகம் பின்தங்கித்தான் வருகிறது. கிளட்ச் தேய்ந்திருக்கிறது, அதிலும் கொஞ்சம் பெட்ரோல் போகும். அதற்குப் பெரிய தொகை ஆகும் என்பதால் பொங்கல் போனஸ் வரட்டும் என்று வைத்திருக்கிறேன்.