அடிக்கடி கை கழுவினாலும் தோல் வறளாமல் காப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

கைக்குழந்தையை வளர்ப்பவர்களும், படுத்த படுக்கையாக இருக்கும் பெற்றோருக்குப் பணிவிடை செய்பவர்களும் ஒரே நாளில் இருபது முப்பது முறை கை கழுவ நேர்வது சாதாரணம். துணி மாற்றிய பின், மருந்து கொடுக்கும் முன், உணவு ஊட்டும் முன், பாத்திரம் துலக்கிய பின் என்று சோப்பும் தண்ணீரும் கையை விட்டு அகலாத நிலை சில வாரங்கள் தொடர்ந்தால், புறங்கை சொரசொரத்து, விரலிடுக்குகள் சிவந்து, விரல் மூட்டுகளின் மேல் மெல்லிய வெடிப்புகள் தோன்றுகின்றன. பிறகு சோப்பு பட்டாலே எரிகிறது. எரிச்சலுக்கு அஞ்சி, கழுவ வேண்டிய நேரத்திலும் கழுவாமல் தள்ளிப்போடும் பழக்கம் நம்மை அறியாமலே வந்துவிடுகிறது. வெடித்த தோலில் நோய்க்கிருமிகள் எளிதாகத் தங்கிப் பெருகும் என்பதால், பராமரிக்கப்படும் நோயாளிக்கும் குழந்தைக்கும் இது நல்லதன்று. எனவே கைத்தோலைப் பேணுவதைக் கை கழுவும் வேலையின் மறுபாதியாகவே நான் கருதுகிறேன். கழுவும் எண்ணிக்கையைக் குறைக்காமல் தோலைக் காப்பதற்கான வழிகளை மட்டுமே கீழே விளக்குகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

தோலின் மேற்பரப்பில், தாளைவிட மெல்லியதாக, உயிரற்ற செல்களால் ஆன ஓர் அடுக்கு இருக்கிறது. அந்தச் செல்களுக்கு இடையே செராமைடுகள், கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய கொழுப்புப் பொருள்கள் நிறைந்து, உடலின் ஈரம் வெளியேறாமலும் வெளிப்பொருள்கள் உள்ளே புகாமலும் தடுக்கின்றன. சோப்பின் வேலை எண்ணெய்ப்பசையைக் கரைத்து நீக்குவது. வெளியிலிருந்து ஒட்டிய பிசுக்கு எது, தோலுக்கே உரிய கொழுப்பு எது என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. அத்துடன், நலமான தோல் இலேசான அமிலத்தன்மை உடையது. அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு அதற்கு ஏறத்தாழ 5. சாதாரணக் கட்டிச் சோப்போ காரத்தன்மை உடையது; அதன் பிஎச் அளவு 9 முதல் 10 வரை இருக்கும். கழுவிய பின் தோல் தன் இயல்பான அமிலநிலைக்குத் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் நாம் அடுத்த முறை கழுவிவிடுகிறோம்.

உள்ளங்கைத் தோல் தடித்தது. புறங்கைத் தோலும் விரலிடுக்குத் தோலும் மெல்லியவை. ஆகவே வறட்சியின் முதல் அடையாளங்களை அங்கேதான் தேட வேண்டும். நாம் பெரும்பாலும் உள்ளங்கையில் மட்டும் களிம்பைத் தேய்த்துக்கொண்டு, தேவைப்படும் இடங்களை விட்டுவிடுகிறோம்.

படி 1: சோப்பை மாற்றுங்கள்

சோப்பு உறையில் டிஎஃப்எம் என்று அச்சிடப்படும் எண், அதிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் விழுக்காட்டைக் குறிக்கிறது. 76 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளது முதல் தரச் சோப்பு என்பது இந்தியத் தர வகைப்பாடு. குறைந்த டிஎஃப்எம் உள்ள மலிவான சோப்பைவிட இது தோலுக்கு மென்மையானது என்பது உண்மையே. ஆனால் இதுவும் காரத்தன்மை உடைய சோப்புதான் என்பதால், நாளுக்கு மூன்று நான்கு முறை கழுவுபவருக்குப் போதுமே தவிர, இருபது முறை கழுவுபவருக்குப் போதாது. அவர்களுக்கு ஏற்றது ‘சின்டெட்’ எனப்படும் சோப்பல்லாத கழுவுகட்டி. உட்பொருள் பட்டியலின் தொடக்கத்தில் சோடியம் கோகோயில் ஐசதயனேட் என்ற பெயர் இருந்தால் அது அந்த வகையைச் சேர்ந்தது. மருந்துக்கடைகளில் வறண்ட தோலுக்கெனக் கேட்டாலும் கிடைக்கும். விலை கூடுதல்தான், எனினும் கை கழுவுமிடத்தில் மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு கட்டி நெடுநாள் வரும்.

திரவ வடிவில் வாங்குவதாக இருந்தால் நறுமணம் சேர்க்கப்படாததைத் தேர்ந்தெடுங்கள். கிருமிநாசினி கலந்தது என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. வீட்டுப் பயன்பாட்டில் சாதாரணச் சோப்பைவிட அது மேலானது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று கூறி, டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 வேதிப்பொருள்களைக் கழுவுசோப்புகளில் சேர்க்க அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-இல் தடை விதித்தது.

ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரைப் பயன்படுத்தும் வீடுகளில் இந்த மாற்றம் இன்னும் அவசியமாகிறது. அந்நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத வெண்ணிறப் படிவமாக மாறுவதால், நுரை வருவதற்கே அதிகச் சோப்பு செலவாகிறது; அலசிய பின்பும் ஒரு பகுதி தோலிலேயே தங்கிவிடுகிறது. சின்டெட் கட்டியில் இந்தப் படிவம் உண்டாவதில்லை. முடிந்தால் கடைசி அலசலை மட்டும் ஒரு குவளை நல்ல தண்ணீரில் செய்யுங்கள்.

படி 2: கழுவும் விதத்தைச் சீராக்குங்கள்

மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். அதன் அடியில் தங்கும் சோப்பும் ஈரமும் அந்த இடத்தை மட்டும் அரித்துச் சிவக்கச் செய்யும். முதலில் கையை நன்றாக நனைத்து, அதன் பிறகே சோப்பை எடுங்கள். உலர்ந்த தோலில் நேரடியாகச் சோப்பு பட்டால் எரிச்சல் மிகும். நுரை வந்த பின் 20 வினாடி தேய்த்தால் போதும். வெந்நீர் கிருமிகளைக் கூடுதலாக நீக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. கை தாங்கக்கூடிய சூட்டில் கிருமிகள் சாவதில்லை. தோலின் கொழுப்பு மட்டும் விரைவாகக் கரைகிறது. குழாயில் வரும் சாதாரண நீரே போதுமானது. சோப்பின் வழுவழுப்பு முற்றிலும் போகும்வரை, விரலிடுக்குகளையும் மணிக்கட்டையும் சேர்த்து அலசுங்கள்.

படி 3: ஒற்றி உலர்த்துங்கள்

கையை உதறிவிட்டு அடுத்த வேலைக்குப் போவதும், புடவைத் தலைப்பிலோ லுங்கியிலோ துடைத்துக்கொள்வதும் நம் வழக்கம். ஆனால் ஈரம் தானாக ஆவியாகும்படி விடப்பட்ட தோல் மேலும் வறள்கிறது. சொரசொரப்பான துணியால் அழுத்தித் தேய்ப்பதோ ஏற்கெனவே தளர்ந்த மேலடுக்கை உரித்தெடுக்கிறது. பழைய பருத்தி வேட்டியைச் சிறு துண்டுகளாகக் கிழித்துத் துவைத்து வைத்துக்கொண்டு, அவற்றால் ஒற்றி ஒற்றி எடுங்கள். விரலிடுக்குகளில் ஈரம் நிற்கக் கூடாது. அது பூஞ்சைத் தொற்றுக்கு இடமளிக்கும். நோயாளி இருக்கும் வீட்டில் இத்துண்டுகளை நாள்தோறும் மாற்றுவது நல்லது.

படி 4: ஈரம் காயும் முன் களிம்பு

எல்லாப் படிகளிலும் இதுவே முதன்மையானது. மற்ற எதையும் செய்ய இயலாதவர்கள்கூட இதை மட்டும் விடாமல் செய்தால் சில நாள்களிலேயே மாற்றத்தை உணர்வார்கள். கையை ஒற்றிய பின் தோலில் இலேசான ஈரப்பதம் எஞ்சியிருக்கும். அது காய்வதற்குள், அதாவது இரண்டு மூன்று நிமிடத்துக்குள், களிம்பைப் பூசிவிட வேண்டும்.

எந்தக் களிம்பு என்ற கேள்விக்கு விடை சொல்ல, அவை வேலை செய்யும் விதத்தை அறிந்துகொள்வது நல்லது. கிளிசரின், யூரியா போன்றவை ஈரத்தை ஈர்த்துத் தோலில் பிடித்துவைப்பவை. வாசலின் என்ற பெயரில் நாம் அறிந்த பெட்ரோலியம் ஜெல்லி, ஈரம் வெளியேறாதபடி மேலே படலமாக மூடிக்கொள்வது. தோலின் வழியே ஆவியாகும் நீரைத் தடுப்பதில் இதற்கு நிகரான பொருள் அரிது. நல்ல களிம்பில் இந்த இரு வகைப் பொருள்களும் சேர்ந்திருக்கும். எளிதில் ஊற்றக்கூடிய லோஷனில் நீரே அதிகம் என்பதால் அது விரைவில் ஆவியாகிவிடும். குழாயிலிருந்து பிதுக்கி எடுக்கும் கெட்டியான கிரீம் அதைவிடப் பயன் தரும். வெடிப்புள்ள கையில் யூரியா கலந்த களிம்பு எரியும். வெடிப்பு ஆறும்வரை அதைத் தவிர்த்து வாசலினைப் பூசுங்கள். குழந்தையைத் தூக்குபவர்கள் நறுமணமற்றதையே வாங்க வேண்டும்.

களிம்பு வாங்க வசதியில்லாத நாளில் தேங்காய் எண்ணெயும் உதவும். ஈரக்கையில் நான்கைந்து சொட்டு போதும்; உலர்ந்த கையில் தடவினால் பிசுபிசுக்குமே தவிர, பூட்டிவைப்பதற்கு உள்ளே ஈரம் இராது. கிளிசரினைப் பன்னீரில் கலந்து பூசும் பழைய வழக்கமும் நல்லதே. ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு பன்னீர் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் மேல் சிறிது எண்ணெயும் தடவினால் ஈரம் தங்கும்.

அளவைப் பொறுத்தவரை, ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கி வைத்த களிம்பு ஏறத்தாழ அரை கிராம் இருக்கும். அது ஒரு கையின் இரு பக்கங்களுக்கும் போதுமானது. பகலில் வேலைக்கு இடையே அவ்வளவு பூசினால் பாத்திரம் வழுக்கும் என்பதால் பட்டாணி அளவு எடுத்து, இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று உரசிப் பரப்புங்கள். பிறகு விரலிடுக்குகள், நகக்கண்கள், கடைசியாக உள்ளங்கை. களிம்பை அலமாரியில் வைத்தால் எடுக்க மாட்டோம். கை கழுவும் ஒவ்வொரு குழாயருகிலும் ஒரு சிறு டப்பா இருக்கட்டும்.

படி 5: இரவில் ஒரு முறை தாராளமாக

படுக்கும் முன் கையைக் கழுவி ஒற்றி, வாசலினைத் தடித்த படலமாகப் பூசி, பருத்திக் கையுறை அணிந்து உறங்குங்கள். கையுறை இல்லையெனில் சுத்தமான பருத்திக் காலுறையும் அதே வேலையைச் செய்யும். வாசலின் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். ஆகையால் அக்கையுறையோடு அடுப்பையோ விளக்கையோ நெருங்காதீர்கள்.

படி 6: பாத்திரமும் துணியும்

பாத்திரம் துலக்கும் சோப்பும் துணி துவைக்கும் தூளும் கை கழுவும் சோப்பைவிடக் கடுமையானவை. இவற்றுக்கு ரப்பர் கையுறை அணியுங்கள். உலர்ந்த கையில் அணிவதும், வியர்வை ஊறாதபடி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றுவதும் முக்கியம். உள்ளே மெல்லிய பருத்தி உறை போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. லேடெக்ஸ் கையுறைக்கு அடியில் வாசலினோ எண்ணெயோ பூசக் கூடாது. அவை அந்த ரப்பரை நைந்துபோகச் செய்யும். பூண்டு உரிப்பது, பச்சைமிளகாய் நறுக்குவது, எலுமிச்சை பிழிவது ஆகியவற்றை வெடிப்பு ஆறும்வரை வீட்டிலுள்ள வேறொருவர் செய்யட்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

படி 7: சானிடைசருக்கு உரிய இடம்

ஆல்கஹால் கலந்த சானிடைசர் கையை வறட்டிவிடும் என்று பலர் ஒதுக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாதபோது, சோப்பு போட்டுக் கழுவுவதைவிட அது தோலைக் குறைவாகவே வறட்டுகிறது. தோலின் கொழுப்பைச் சோப்பும் நீரும் போல அது அலசிக்கொண்டு போவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவையில் 80 விழுக்காடு எத்தனாலுடன் 1.45 விழுக்காடு கிளிசரினும் சேர்ந்திருப்பது தோலின் நலன் கருதியே. எனவே 60 விழுக்காட்டுக்குக் குறையாத ஆல்கஹாலும் கிளிசரினும் உள்ளதை வாங்கி, மருந்து கொடுக்கும் முன்பு போன்ற வேளைகளில் பயன்படுத்துங்கள். சானிடைசர் பட்டு எரிகிறதென்றால், தோல் ஏற்கெனவே வெடித்திருக்கிறது என்று பொருள். மலம், வாந்தி, இரத்தம் பட்ட கைக்கும், வயிற்றுப்போக்கு உள்ளவரைத் தொட்ட கைக்கும் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். சானிடைசர் பூசிய பின் கை முழுதும் உலர்ந்த பிறகே அடுப்பைப் பற்ற வையுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

இவற்றை இரண்டு வாரம் தவறாமல் செய்தும் குறையாவிட்டாலும், வெடிப்பில் இரத்தமோ நீரோ சீழோ கசிந்தாலும், நகச்சுற்று வந்தாலும், அரிப்பு மணிக்கட்டைத் தாண்டிப் பரவினாலும், ஒரு கையில் மட்டும் வட்டமாகச் செதில் உரிந்தாலும் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். கடைசியாகச் சொன்னது பூஞ்சைத் தொற்றாக இருக்கக்கூடும். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு முதல் இரண்டு நாள் வியப்பூட்டும் சுகத்தைத் தந்து, பூஞ்சையை மறைத்து வளர்க்கும்; தொடர்ந்து பூசினால் தோலையும் மெலியச் செய்யும். மருத்துவரின் சீட்டு இல்லாமல் அதை வாங்காதீர்கள்.

செல்லும்போது, நீங்கள் பயன்படுத்தும் சோப்பு, பாத்திரச் சோப்பு, களிம்பு, கையுறை ஆகியவற்றின் உறைகளை எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வாமை என்ற ஐயம் எழுந்தால், சந்தேகப் பொருள்களைச் சிறு பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து நீக்கிப் பார்ப்பார்கள். சில எதிர்வினைகள் தாமதமாகத் தோன்றும் என்பதால் ஓரிரு நாள் கழித்து மீண்டும் ஒருமுறை பார்ப்பதும் வழக்கம்.