ஊருக்குப் போகும்போது முதல் மூன்று நாளை யாருக்கும் கொடுக்காதீர்கள்

பன்னிரண்டு வருடமாக வெளிநாட்டில் இருக்கிறோம். குடும்பமாக ஆறு முறை ஊருக்குப் போய் வந்திருக்கிறோம். முதல் மூன்று முறையும் திரும்பி வந்த மறுநாள் என் கணவர் சொன்னது ஒன்றேதான்: "இந்த லீவுக்கு ஒரு லீவு எடுக்கணும்." நான்காம் முறை நான் காலண்டரை வேறு மாதிரி போட்டேன். அதன் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. என்ன மாற்றினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூன்று வார லீவு என்றால் காகிதத்தில் 21 நாள். போக வர மூன்று நாள் போய்விடும், மீதி 18. இறங்கியபின் வரும் முதல் மூன்று நாளையும், கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நாளையும் கோடு போட்டு அடித்துவிடுங்கள். மிச்சம் 13 நாள். உறவு, நண்பர்கள், வங்கி வேலை, சுற்றுலா எல்லாம் இந்த 13 நாளுக்குள்தான். டிக்கெட் போட்ட அன்றே இந்தக் கணக்கைப் போட வேண்டும். ஊரில் இறங்கியபின் போட்டால் நடக்காது, அதற்குள் பத்துப் பேருக்கு "வரோம்" என்று சொல்லியிருப்போம்.

முதல் மூன்று நாள் ஏன்? தூக்கம். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். எட்டு மணி நேர வித்தியாசம் உள்ள இடத்துக்குப் போனால் முழுதாகச் சரியாவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கிழக்கு நோக்கிப் போவது மேற்கு நோக்கிப் போவதைவிடக் கஷ்டம். பெரும்பாலோருக்கு உடம்பின் இயற்கையான நாள் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். அதனால் தாமதமாகத் தூங்க உடம்பு சுலபமாக ஒத்துக்கொள்ளும், சீக்கிரம் தூங்கச் சொன்னால் முரண்டு பிடிக்கும். மூன்று நாளில் எல்லாம் சரியாகிவிடாது. ஆனால் மிக மோசமான பகுதி கடந்துவிடும், நான்காம் நாள் நாலு பேர் முன்னால் உட்கார்ந்து சிரிக்க முடியும்.

எங்கள் சின்னவனுக்கு அப்போது நான்கு வயது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து, "விடிஞ்சாச்சா?" என்று வீட்டையே எழுப்பினான். அவனை மறுபடி தூங்க வைக்கப் போராடியதுதான் நாங்கள் செய்த தப்பு. இப்போது செய்வது இது: பெரிய விளக்கைப் போடுவதில்லை, செல்போன் கிடையாது, மங்கலான வெளிச்சத்தில் புத்தகமோ புதிர்ப் பொம்மையோ கொடுத்து உட்கார வைப்பது. பெற்றோர் இருவரில் ஒருவருக்குத்தான் இரவு டியூட்டி, மற்றவர் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். மறுநாள் மாற்றிக்கொள்ள வேண்டும். இருவருமே விழித்திருந்தால் மூன்றாம் நாள் சண்டை வரும், எங்களுக்கு வந்தது. பகலில் குழந்தைகளை வெளியே விடுங்கள், அந்த ஊர் நேரத்துக்குச் சாப்பாடு போடுங்கள், பகல் தூக்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டாமல் எழுப்பிவிடுங்கள். எழுப்புவதுதான் பெரும் பாடு. ஜன்னல் திரையை முழுதாக விலக்கிவிட்டால் பாதி வேலை முடியும்.

இன்னொரு காரணம் பெட்டி. ஒரு முறை எங்கள் நான்கு சூட்கேஸில் இரண்டு வரவே இல்லை. நல்லவேளையாக அன்று எங்கேயும் போவதாகச் சொல்லியிருக்கவில்லை. பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் லக்கேஜ் கவுண்டரில் பிஐஆர் எனப்படும் புகார்ச் சீட்டை எழுதி வாங்கிவிடுங்கள். சர்வதேசப் பயணங்களில் பெரும்பாலானவற்றுக்கு 1999 மாண்ட்ரீல் உடன்படிக்கை பொருந்தும். அதன்படி, பெட்டி சேதமாகி வந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 21 நாளாகியும் வரவில்லை என்றால் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். இடைப்பட்ட நாட்களில் அவசரத்துக்கு வாங்கிய துணிமணிக்கு ரசீது வைத்துக்கொள்ளுங்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு ஒரு ஆளின் துணியை ஒரே பெட்டியில் அடைப்பதில்லை. எல்லாப் பெட்டியிலும் எல்லாருடைய துணியும் கொஞ்சம் இருக்கும். ஒன்று தொலைந்தாலும் ஒருவர் மட்டும் மாற்றுத்துணி இல்லாமல் நிற்க வேண்டியதில்லை.

சரி, அந்த 13 நாள்.

ஒரு நாளைக்கு ஒரு வீடு. இதில் நான் கறாராக இருக்கிறேன். "பக்கத்துலதானே, அப்படியே ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். அந்த ஒரு எட்டு மூன்று மணி நேரமாகும், குழந்தை காரில் அழும், அடுத்த வீட்டில் எல்லாரும் சிடுசிடுவென்று உட்கார்ந்திருப்போம். அதனால் நடமாட முடிந்த சொந்தங்களை எல்லாம் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வரச் சொல்லிவிடுகிறோம். வர முடியாத வயதானவர்களை மட்டும் நாங்கள் தேடிப் போகிறோம், அவசரப்படாமல் உட்கார்ந்து பேசுகிறோம். ஆறு பயணங்களில் எனக்கு நினைவில் நிற்பவை அந்தச் சந்திப்புகள்தான். மற்றவை கார் பயணமாகக் கலங்கிப் போயிருக்கின்றன.

முதன்முதலில் இந்தத் திட்டத்தைச் சொன்னபோது மாமியாருக்கு வருத்தம். "வந்துட்டு மூணு நாள் யாரையும் பார்க்காம இருந்தா, ஏதாவது நினைச்சுக்க மாட்டாங்களா?" என்றார். "நினைச்சுக்கட்டும் அத்தை, நீங்க பேரனோட மூணு நாள் தனியா இருக்கலாமே" என்றேன். அதன் பிறகு போன் வந்தால், "அதுங்க இன்னும் தூங்குதுங்க, நாலாம் நாள் பேசுங்க" என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். வீட்டுப் பெரியவர் ஒருவரை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மறுத்தால் திமிர் என்பார்கள், அவர் மறுத்தால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

வங்கி, அரசு அலுவலக வேலைகளைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அப்படிப்பட்ட வேலை ஒரே நடையில் முடியாது என்று வைத்துக்கொண்டு, நான்காம் அல்லது ஐந்தாம் நாளே முதல் நடையைப் போட்டுவிடுங்கள். வெளிநாட்டு வங்கியின் ஓடிபி அந்த நாட்டு சிம்முக்குத்தான் வரும், அதைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டுத் தேடாதீர்கள். நான் தேடியிருக்கிறேன். கிளம்பும் முன்பே ரோமிங் இருக்கிறதா என்று கேட்டு வைப்பது நல்லது.

இந்த 13-இல் இரண்டு நாள் நாங்கள் நான்கு பேர் மட்டும். அதோடு எனக்கு ஒரு நாள் தனியாக, அவருக்கு ஒரு நாள் தனியாக. என் நாளில் நான் கல்லூரித் தோழியைப் பார்க்கப் போகிறேன், குழந்தைகள் இல்லாமல். அவர் தன் நாளில் என்ன செய்கிறார் என்று நான் கேட்பதில்லை.

குழந்தைகள் விஷயத்தில் ஒன்று. போய் இறங்கியவுடன் தெரியாத முகங்களுக்கு நடுவில் நிறுத்தி, "பேசு, பேசு" என்றால் எந்தக் குழந்தையும் வாயை மூடிக்கொள்ளும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினம் ஐந்து நிமிடம் வீடியோவில் பேச வைக்கிறோம். வாரம் ஒரு முகம் என்று வைத்துக்கொண்டால் போதும். முதல் வாரம் தாத்தா பாட்டி, அப்புறம் சித்தி குடும்பம், இப்படி. மொழி தடுமாறினால் திருத்தாதீர்கள், திருத்துவதற்கு ஊரில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியதில் இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒன்று, பாஸ்போர்ட். நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. பெரியவர்களுக்குப் பத்து வருடம் தரும் பல நாடுகள் குழந்தைகளுக்கு ஐந்து வருடம்தான் தருகின்றன, அதனால் வீட்டில் எல்லாருடையதும் ஒன்றாக முடியாது. எங்கள் பெரியவளுடையதில் ஐந்து மாதம்தான் மிச்சம் என்பதைத் தற்செயலாக எட்டு வாரம் முன்பு பார்த்தேன். பார்க்காமல் விட்டிருந்தால் செக்-இன் கவுண்டரில்தான் தெரிந்திருக்கும். நீங்கள் வசிக்கும் நாட்டுக்குத் திரும்ப வேண்டிய விசா, குடியிருப்பு அட்டைத் தேதிகளையும் சேர்த்துப் பாருங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையை அழைத்துப் போவதானால் மற்றவரின் ஒப்புதல் கடிதம் கையில் இருக்கட்டும். மடியில் வைத்துப் போகும் குழந்தைக்கு ஊரில் இருக்கும்போது இரண்டு வயது நிறைந்தால், திரும்பும்போது தனி இருக்கை வாங்க வேண்டும். டிக்கெட் போடும்போது பலருக்கு இது தோன்றுவதில்லை.

இரண்டு, உடம்பு. "நம்ம ஊர்தானே, ஊசி எதுக்கு?" என்று நானும் கேட்டவள்தான். சொந்தபந்தத்தைப் பார்க்கப் போகிறவர்கள் ஹோட்டலில் தங்கும் சுற்றுலாப் பயணிகளைவிட அதிகமாக நோயில் மாட்டுகிறார்கள் என்பது பயண மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். நாம் அதிக நாள் தங்குகிறோம், வீட்டுத் தண்ணீரைக் குடிக்கிறோம், மருத்துவரிடம் முன்கூட்டிப் போவதில்லை. மலேரியா உள்ள பகுதியில் வளர்ந்தவர்களுக்கு இருக்கும் ஓரளவு எதிர்ப்பு, வெளியேறிய சில வருடங்களில் குறைந்துவிடும். வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு அது இருந்ததே இல்லை. ஆறு வாரம் முன்பு மருத்துவரைப் பாருங்கள், ஏனென்றால் டைஃபாய்டு ஊசியைக்கூடக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டிருக்க வேண்டும். மருந்துகளைச் சீட்டோடு, அதன் சொந்த அட்டைப்பெட்டியிலேயே எடுத்துப் போங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்குப் பெட்டியில் அனுமதி இல்லை. 20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74 வாட்-மணி (Wh), 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவைப்படாது. ஆனால் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தலாமா என்பதில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதி வைத்திருக்கிறது.

கடைசி இரண்டு நாளில் முதல் நாள் பெட்டி கட்டுவது. எடை பார்க்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரும் வேலை மிச்சம். இரண்டாம் நாள் யாரும் வரக்கூடாது, வீட்டில் இருப்பவர்கள் மட்டும். வழியனுப்ப வருகிற பத்துப் பேருக்கு நடுவில் என் அம்மாவோடு ஒரு வார்த்தை பேச முடியாமல் வண்டி ஏறியிருக்கிறேன். இப்போது அந்தச் சாயங்காலம் முழுக்க அம்மாவுக்குத்தான்.

திரும்பி வந்து சேர்வது வார விடுமுறையின் தொடக்கத்தில் இருக்கட்டும். ஞாயிறு ராத்திரி இறங்கித் திங்கள் பள்ளிக்கு அனுப்பினால் ஆசிரியரிடமிருந்து போன் வரும், பிள்ளை மேஜையிலேயே தூங்குகிறாள் என்று. அப்புறம், வீட்டுச் சாவி கைப்பையில். ஒரு முறை அது சூட்கேஸில் போய், சூட்கேஸ் மறுநாள்தான் வந்தது. எங்கள் வீட்டு வாசலில் நாங்களே விருந்தாளி மாதிரி நின்றோம்.